சகோதரி தலிந்தா

அத்தியாயம் 11

போன வாரம் கணவன் லம்ஜத் ஆசிரியர் சங்க ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்தபோது வாசல் வரை ஆட்கள் நின்று கைதட்டினார்கள். தலிந்தாவும் தட்டினாள். தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தட்டினாள். அதன் பிறகு கோப்பைகளை ஒவ்வொருவருக்கும் நீட்டிக்கொண்டு போகும்போதுதான் மூன்றாவது அம்சம் அவள் காதில் விழுந்தது.

முதலாவது, சம்பள உயர்வு. இரண்டாவது, தற்காலிக ஆசிரியர்களுக்கு நிரந்தர வேலை. மூன்றாவது, மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும் வேலை இனிமேல் ஆசிரியர்களுடையது இல்லை, நிர்வாகம் செய்துகொள்ளும்.

குளிர்காலம் முழுக்க மக்தார் நகரத்து ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள், பரீட்சை வைத்தார்கள், திருத்தினார்கள். மார்க்கை மட்டும் கொடுக்கவில்லை. அதுதான் அவர்களுடைய போராட்டம். இப்போது வென்றாயிற்று. தேங்கிக் கிடக்கும் மார்க் அத்தனையும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கணினியில் ஏறிவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகம் கையெழுத்துப் போடும். ஏறாவிட்டால் போடாது.

ஊரில் லிசே என்று சொல்லும் அந்த மேல்நிலைப் பள்ளியில் கணினி இருந்தது கண்காணிப்பாளர் அறையில். கண்காணிப்பாளர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி தலிந்தா.

வியாழக்கிழமை காலை. லம்ஜத் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆசிரியர் சங்கத்தின் மக்தார் கிளைச் செயலாளர் அவன். மதியம் பொதுக்கூட்டம். ஒப்பந்தத்தை ஓட்டுக்கு விடப்போகிறார்கள்.

"லம்ஜத்."

"ம்."

"மூணாவதுல நிர்வாகம்னு எழுதியிருக்கியே. நிர்வாகம்னா யாரு?"

"நிர்வாகம்னா நிர்வாகம்."

"தலைமையாசிரியர் உக்காந்து தட்டுவாரா?"

"அது அவங்க உள்விவகாரம் தலிந்தா. யாருக்குப் பிரிச்சுக் குடுக்கறாங்கன்னு நாங்க எப்படிச் சொல்ல முடியும்?"

சில மாதங்களாக அவன் 'நாங்க' என்றால் அதில் அவள் இருப்பதில்லை. அவளும் பழகிக்கொண்டுவிட்டாள், பல்வலியோடு பழகுவதுபோல.

"அது எங்க வந்து விழும்னு உனக்குத் தெரியாதா? ஒரு சொல்ல மாத்து. நிர்வாகம்ங்கற எடத்துல, இதுக்குன்னு புதுசா எடுக்கற ஆளுங்கன்னு போடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

தொலைபேசி அடித்தது. லம்ஜத் அவளைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினான். இரு, வருகிறேன் என்று அர்த்தம். பேசிக்கொண்டே முற்றத்துக்குப் போனான். பேசிக்கொண்டே காரைக் கிளப்பினான்.

"அண்ணி, இந்தச் சட்டை பரவால்லையா?"

பெஸ்மா. லம்ஜத்தின் தங்கை. விவாகரத்து முடிந்து இரண்டு பையோடு வந்தவளுக்கு மகளின் அறையை ஒழித்துக் கொடுத்தது தலிந்தாதான். மகள் சூஸ் நகரத்தில் படிக்கிறாள். பெஸ்மா லிசேயில் அரபு மொழி டீச்சர். டீச்சர் என்று சொல்வது மரியாதைக்கு. யாராவது பிரசவ விடுப்பிலோ நோய் விடுப்பிலோ போனால் அந்த நாற்காலியில் உட்காரும் தற்காலிக ஆள். இப்படியே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க."

"அதைவிடப் பெருசு அண்ணி இது. கல்யாணம்தான் ஒருதடவ பண்ணிப் பார்த்தாச்சே." பெஸ்மா சிரித்தாள். "வேலை நிரந்தரமானா தனியா வீடு பாத்துப் போயிடுவேன். என் தொல்லை விட்டது உங்களுக்கு."

"நீ போயிட்டா நான் யாரோட பேசறது?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு இருவருமே ரொட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கண்காணிப்பாளர் அறையின் சன்னல் பள்ளி முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். முந்தின நாள் வராத பிள்ளைகள் அங்கே வந்து சீட்டு வாங்காமல் வகுப்புக்குள் நுழைய முடியாது. காய்ச்சல், பஸ் வரவில்லை, மாமா செத்துப்போனார். ஒரே மாமாவை வருஷத்துக்கு மூன்று முறை சாகடிக்கும் பிள்ளைகள் உண்டு. தலிந்தா எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதுவாள். சண்டையை விலக்குவது, மயங்கி விழும் பெண்ணுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, வாத்தியார் வராத வகுப்பை மேய்ப்பது, எல்லாம் இந்த நான்கு பேர்தான். முந்தைய வருஷங்களில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களிலும் முற்றத்தில் பிள்ளைகளோடு நின்றது இவர்கள்தான்.

ஆசிரியர்களுக்கு இவர்கள் நிர்வாகம். நிர்வாகத்துக்கு இவர்கள் யாரென்று நிர்வாகம் இதுவரை யோசித்ததில்லை.

"வீட்டுல பேசினியா?" என்றார் ஹத்தாப். நால்வரில் மூத்தவர். அவர்களுடைய சின்னச் சங்கத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"பேசினேன் அண்ணே."

"என்ன சொன்னார்?"

"விரலைத் தூக்கிக் காட்டினார்."

ஹத்தாப் சிரித்தார். "சங்கக் கட்டடத்துல அவங்க மேல் மாடி, நாம கீழ. அவங்க நடந்தா நமக்குக் கேக்கும். நாம கத்தினாலும் அவங்களுக்குக் கேக்காது. பொதுக்கூட்டத்துக்குப் போ. ஓட்டுக்கு முன்னாடி எந்திரிச்சு அந்த ஒரு சொல்ல மாத்தச் சொல்லு. ஓட்டு விழுந்துட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது."

"நீங்க போகலாமே. நீங்கதான பொறுப்பு?"

"நான் போனா ஹத்தாப் வந்தான்னு சொல்லுவாங்க. நீ போனா லம்ஜத் பொண்டாட்டி வந்திருக்கான்னு கேப்பாங்க."

மற்ற இருவரும் தற்காலிக வேலையில் இருக்கும் சின்ன வயசுக்காரர்கள். "நீங்க போங்க அக்கா, நாங்க உங்க பின்னால இருக்கோம்" என்றார்கள். எவ்வளவு தூரம் பின்னால் என்று சொல்லவில்லை.

சங்கக் கட்டடத்தின் கூட்ட அறையில் ஈரக் கோட்டின் நாற்றமும் சிகரெட் நாற்றமும் கலந்திருந்தன. வெளியே மழை. நாற்காலிகள் எல்லாம் ஆசிரியர்களுக்கு. தலிந்தா பின்சுவரில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். பள்ளிக்கூட ஆட்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது அங்கே வழக்கம்.

லம்ஜத் நன்றாகப் பேசினான். அவன் எப்போதும் நன்றாகத்தான் பேசுவான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அந்தப் பேச்சில்தான் விழுந்தாள். சம்பளத்தைச் சொன்னான், கைதட்டல். தற்காலிக ஆசிரியர்களைச் சொன்னான், முன்வரிசையில் பெஸ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணினி வேலையைச் சொன்னான், அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

"நாம பாடம் நடத்தறவங்க. குமாஸ்தா இல்ல! இனிமே நிர்வாகத்தோட வேலைய நிர்வாகம் பாக்கும்!"

யாரோ விசில் அடித்தார்கள்.

"கேள்வி இருந்தா கேளுங்க சகோதரர்களே, சகோதரிகளே."

தலிந்தா கையைத் தூக்கினாள்.

லம்ஜத்தின் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று.

"பின்னால ஒருத்தர் கை தூக்கியிருக்காங்கப்பா," என்றது ஒரு குரல்.

தலைகள் திரும்பின. லம்ஜத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டான்.

"சகோதரி தலிந்தா," என்றான். "நீங்க இந்தக் கிளையில உறுப்பினர் இல்ல. நின்னு கேக்கலாம். பேச்சுரிமை கிடையாது."

சங்கத்தில் எல்லோரும் சகோதரர், சகோதரிதான். மேடையில் நின்றுவிட்டால் வேறு எப்படியும் கூப்பிட மாட்டார்கள். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிடும். அறை ஒரு கணம் ஒன்றும் புரியாமல் இருந்தது. பிறகு உடற்பயிற்சி வாத்தியார் மப்ரூக் எழுந்தார்.

"சகோதரியா! அப்ப அந்தக் கல்யாணம் செல்லாது லம்ஜத்!"

அறை வெடித்தது. நாற்காலிகள் ஆடின.

"வீட்டுக்குப் போய் விண்ணப்பம் போடும்மா, பேச்சுரிமை குடுப்பார்!"

"கூடப் பொறந்தவளுக்குச் சொத்துல பங்கு உண்டுப்பா, பாத்து!"

தலிந்தாவின் கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்க மறந்துவிட்டாள். லம்ஜத் அவளைப் பார்த்தான். அவனும் சிரித்துவிட்டான்.

வேண்டுமென்று சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமென்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். யோசிக்காமல் வந்துவிட்டது. எழுபது பேரில் ஒரு முகம், அதற்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் போடும் ஒரு அடைமொழி. அவ்வளவு தூரத்தில் இருந்தாள் அவள். அவனுக்கே அது தெரியாது.

"ஓட்டுக்கு விடறேன். ஆதரவா இருக்கறவங்க?"

கைகள் காடு மாதிரி எழுந்தன. பெஸ்மா சிரிக்கவில்லை என்பதைத் தலிந்தா கவனித்திருந்தாள். இப்போது பெஸ்மாவின் கையும் எழுந்தது. தரையைப் பார்த்தபடி எழுந்தது.

தலிந்தா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

அவள் லிசேக்குத் திரும்பி வந்த கொஞ்ச நேரத்திலேயே சன்னல் வழியாக மார்க் கட்டுகள் வரத் தொடங்கின. ஆசிரியர்கள் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்கள். கட்டை நீட்டினார்கள், "கை வலிக்கப் போவுது மதாம்" என்றார்கள், போனார்கள். தலிந்தா எல்லாவற்றையும் வாங்கி மேசையில் அடுக்கினாள். கணினியை மூடியிருந்த துணியை எடுக்கவில்லை. மற்ற மூவரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்டபோது தலைமையாசிரியர் வந்தார்.

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா? சனிக்கிழமை சாயங்காலம் கெடு."

"யார் ஏத்தறது சார்?"

"நிர்வாகம்."

"நிர்வாகம் நீங்கதானே சார்?"

"நான் நிர்வாகத் தலைமைம்மா." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"எங்க வேலை பிள்ளைங்களப் பாத்துக்கறது. அதுக்கே ஆள் பத்தல. மார்க் ஏத்த புதுசா ஆள் போடுங்க. நாங்க ஏத்த மாட்டோம்."

சொன்ன பிறகுதான் அந்த 'நாங்க' அவளுக்கே கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஹத்தாப் சன்னலுக்கு வெளியே ஆளில்லாத முற்றத்தைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். சின்னவர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் வேலை வந்துவிட்டது.

"இது நாலு பேரோட முடிவா?" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமா," என்றாள் தலிந்தா.

கடைசி மணி அடித்து, பிள்ளைகள் போய், மற்ற மூவரும் போய், அவள் அறையைப் பூட்டப்போகும்போது பெஸ்மா வந்தாள். மறுபடி பிடித்த மழையில் அந்தச் சட்டை தோளில் நனைந்திருந்தது.

"மாவட்டத்துலேருந்து அண்ணனுக்குப் போன் வந்துச்சு. நீங்க சொன்னதா சொல்றாங்க. நிஜமா அண்ணி?"

"நிஜம்."

"மார்க் ஏறலன்னா கையெழுத்து இல்ல. தெரியுமா?"

"தெரியும்."

"கையெழுத்து இல்லன்னா எனக்கு வேலை இல்ல."

"தெரியும் பெஸ்மா."

"ஒவ்வொரு செப்டம்பரும் எந்த ஸ்கூல்ல போடுவாங்க, போடுவாங்களா மாட்டாங்களான்னு..."

"ஒவ்வொரு செப்டம்பரும் உன்னோட முழிச்சிருந்தது நான்தான். எனக்கே சொல்லாத."

"அப்பறம் ஏன்?"

நான்கு பேர், எழுபது கட்டு என்று சொல்லலாம். அது நியாயம்தான். ஆனால் பெஸ்மாவின் முகத்துக்கு முன்னால் அந்த நியாயம் நிற்கவில்லை.

"அங்க சிரிச்சாங்களே, அதுக்காகவா?"

"நீ சிரிக்கல. பாத்தேன்."

"சிரிக்கல. ஆனா கை தூக்கினேன். எனக்கு வேற வழி இல்ல அண்ணி."

"எனக்கும் இல்ல."

பெஸ்மா மேசையருகே போனாள். குவியலில் தன்னுடைய கட்டைத் தேடி எடுத்தாள். "என் வகுப்பு மார்க்க நானே ஏத்திடறேன். கதவச் சாத்திக்கலாம். மத்ததும் எவ்வளவு முடியுமோ ஏத்தறேன். யாருக்கும் தெரியாது."

"ஆசிரியர் யாரும் கணினியத் தொடக்கூடாதுன்னு மத்தியானம்தான் கை தூக்கின. வெளிய தெரிஞ்சா உங்கண்ணன் உன்னச் சங்கத்த விட்டே தள்ளுவான்."

"அண்ணன் தள்ள மாட்டான்."

"இன்னைக்கு என்னைத் தள்ளினத நீ பாக்கலையா?"

பெஸ்மா கட்டை மறுபடி மேசையில் வைத்தாள். நேராக வைத்தாள், ஓரம் பிசகாமல்.

"நான் உங்க ஆளுன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.

அவள் முற்றத்தைக் கடந்து போவதைத் தலிந்தா சன்னலில் நின்று பார்த்தாள். குடை இல்லாமல் போனாள். கூப்பிடலாம். ஒரு குடையில் இரண்டு பேர் போய் எத்தனையோ நாள் பழக்கம். கூப்பிடவில்லை.

வீட்டில் மகரோனியைக் காரக் குழம்பில் போட்டு இறக்கும்போது லம்ஜத் வந்தான். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் அவன் வந்து எத்தனையோ மாதம் ஆயிற்று. தொலைபேசியை அணைத்து மேசையில் வைத்தான். தலிந்தா அதைப் பார்த்தாள். கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஏதோ சொல்லப் போகிறான் என்று தோன்றியது. எதுவானாலும் சரி, சொல்லட்டும்.

"நாளைக்குக் காலைல ரெண்டு சங்கமும் உக்காந்து பேசணும்னு மாவட்டத்துல சொல்றாங்க," என்றான்.

தலிந்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்பவே பேசலாமே. நீயும் நானும் இங்கதான இருக்கோம்."

"வீட்டுல பேசி முடிச்சோம்னு வெளிய தெரிஞ்சா எங்க ஆளுங்களும் நம்ப மாட்டாங்க, உங்க ஆளுங்களும் நம்ப மாட்டாங்க. முறைப்படி சங்கக் கட்டடத்துலதான்."

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"காலைல வண்டில கூட்டிட்டுப் போவியா, இல்ல அதுவும் முறை இல்லையா?"

லம்ஜத் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நீ நடந்து வந்துட்டா நல்லது. பாக்கறவங்க..."

"சரி."

"ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் மட்டும் வந்தா அந்தப் பக்கம் வரலன்னுதான் கணக்கு. உங்களுக்கு யாரு பேசறது? ஹத்தாபா?"

அவள் வீடு திரும்பும் வழியிலேயே ஹத்தாப் தொலைபேசியில் கூப்பிட்டு, தன்னை இதில் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜூன் மாதம் ஓய்வு, இந்த நேரத்தில் பெயர் அடிபட்டால் ஓய்வூதியக் காகிதங்களை இழுத்தடிப்பார்கள், மன்னித்துக்கொள்ளம்மா. சின்னவர்கள் இருவரும் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

"நான்தான் பேசறேன்," என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். மேடையில் பார்த்ததுபோல இல்லை. நிஜமாகவே பார்த்தான். அந்தக் கணத்தில் அவன் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"கூட யாரு?"

"அத நாளைக்குப் பாரு. நீ யாரக் கூட்டிட்டு வர்ற?"

லம்ஜத் ரொட்டியைப் பிய்த்தான்.

"பெஸ்மாவ."

பெஸ்மா இருந்த உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. தூங்குகிறவளின் அமைதி இல்லை அது.

"அவ கதைய அவ வாயாலயே சொன்னா எடுபடும்," என்றான் லம்ஜத். "தப்பா எடுத்துக்காத. நீயா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்ப."

தலிந்தா மூன்று தட்டிலும் பரிமாறினாள். ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். ஒன்றை உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, தட்டிச் சொல்லவில்லை. தன்னுடையதை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டாள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் அந்தப் பக்கம்.

இன்னும் ஒரே ஒரு ஆள் போதும். கண்காணிப்பாளராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற யாராவது, நாளைக் காலையில் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் போதும்.

மக்தாரில் தனக்கு யாரையெல்லாம் தெரியும் என்று யோசித்துப் பார்த்தாள்.

எல்லோரையும் தெரியும்.